இடது பின்மூலையில் ஓர் ஆள்

நூலக்காவின் விரல்களுக்கு ரேகை கிடையாது. வருஷக்கணக்காக டேப்பைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டியதில் தேய்ந்தே போய்விட்டது. ஆபீஸ் வாசலில் விரல் வைக்கும் மெஷின் தினமும் அவளைத் தெரியாது என்று சிவப்பு விளக்கு காட்டும். "நான் இல்லாம உன் கம்பெனி ஓடிடுமா? ஓட்டிப் பாரு" என்று அதைத் திட்டிவிட்டு, காவல்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வருவாள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளை முதலில் பார்த்ததே அந்த மெஷினோடு மல்லுக்கு நின்றபோதுதான். பார்த்ததும் பிடித்துப்போனது. எனக்கும் பிழைப்பு மெஷின்களோடு மல்லுக்கட்டுவதுதான்.

எங்கள் இடத்தில் கார்களைக் காற்றில் நிறுத்திப் பார்ப்போம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் கார் தன் சக்தியில் பெரும்பங்கை எதிரே இருக்கும் காற்றைத் தள்ளவே செலவழிக்கிறது. அந்தத் தடை எவ்வளவு என்று சாலையில் ஓட்டி அளந்துகொண்டிருக்க முடியாது. மழை வரும், லாரி வரும். அதனால் காரை நிறுத்திவைத்துவிட்டுக் காற்றை ஓட்டுகிறோம். கட்டடம் முழுக்க ஒரே ஒரு பெரிய குழாய், சுற்றி வந்து தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும். ஒரு பக்கம் வீட்டு உயரத்துக்கு விசிறி, எதிர்ப்பக்கம் சோதனை அறை. அந்த அறையின் தரைக்கடியில் ஒரு தராசு. காற்று காரை எவ்வளவு பலமாகப் பின்னால் தள்ளுகிறது என்று அது நிறுத்துச் சொல்லும். மொத்தத்துக்கும் டனல் என்றுதான் பெயர்.

நூலக்காவின் வேலை காரின் உடம்பெல்லாம் விரல் நீளத்துக்கு நூல் துண்டுகளை ஒட்டுவது. வரிசை பிசகாமல் நூற்றுக்கணக்கில் ஒட்டுவாள். காற்று ஓடும்போது நூல் அடங்கிப் படுத்திருந்தால் அந்த இடத்தில் காற்று ஒழுங்காகப் போகிறது. கிடந்து துடித்தால் ஏதோ சரியில்லை. ஒட்டி முடித்ததும் எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டு, கடைசியாக வந்து, அந்தக் கனத்த இரும்புக் கதவைச் சாத்துவதும் அவள்தான்.

நான் மாடியில் உட்கார்ந்து அதே காரைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, கணக்கால் ஆன காற்றை அதன் மேல் ஓட்டுவேன். "நீ ஊதற காத்துல ஒரு மெழுகுவத்தியாவது அணையுமா, கம்ப்யூட்டர்?" என்று சீண்டுவாள். அணையாதுதான். ஆனால் கீழே தராசு சொல்லும் எண்ணும் மேலே நான் சொல்லும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அப்போதுதான் கார் கம்பெனிக்காரர்கள் நம்புவார்கள். ஒத்துப்போகாவிட்டால் திட்டு விழுவது எனக்குத்தான், தராசை யாரும் திட்டுவதில்லை.

தராசைப் பராமரித்தவர் நூலக்காவின் வீட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் தராசண்ணன். தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்க்க இரும்பு எடைக்கற்களைத் தூக்கித் தூக்கி அவருடைய இடது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. "காரையெல்லாம் நேரா நிறுத்துவார், தன் தோளை மட்டும் நேராக்க மாட்டார்" என்று அவர் காதுபடவே சொல்லுவாள். அவர் சிரிப்பார். பேச்சு குறைவு. மதியம் டப்பாவைத் திறந்துகொண்டு எதிரெதிரே உட்கார்ந்தால் அவள் பேசுவாள், அவர் மெல்லுவார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விளையாட்டாக அவர் சட்டை முதுகில் ஒரு நூலை ஒட்டிவிட்டாளாம். மனுஷன் நாள் முழுக்க அதோடு நடமாடிவிட்டு, சாயங்காலம் அதைக் கசங்காமல் கொண்டுவந்து கொடுத்து, "உங்களோடதா?" என்று கேட்டாராம். அதில் விழுந்தவள்தான். குழந்தை குட்டி இல்லை. ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள்.

போன வருஷம் ஒரு நாள் காலை, டனலுக்குள் சோதனை மேடையில் ஒரு வேனை ஏற்றி, அதன் இடது பின்சக்கரத்துக்கு அடியில் பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. நூலக்கா அலறிக்கொண்டே அவரோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனாள்.

உயிர் பிழைத்தார். பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கண் திறந்திருக்கும், ஊட்டினால் விழுங்குவார், இடது கை கொஞ்சம் அசையும். ஆனால் யாரையும் தெரியாது. நினைவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் பட்டும் படாமல் சொல்லிவிட்டார். நூலக்காவின் தங்கை வீட்டோடு வந்து தங்கிப் பகலில் பார்த்துக்கொண்டாள். நூலக்கா வேலைக்குத் திரும்பினாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். "நடக்க வேணாம். வேலைக்கு வர வேணாம். ஒரு தடவை என்னைப் பாத்து, இது இவதான்னு தெரிஞ்சா போதும் பாப்பா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பாள். சொல்லும்போது குரல் உடையாது. அதுதான் எனக்குத் தாங்காது.

என் வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கீழே வருகிற எண்ணும் மேலே வருகிற எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஒரு காருக்கு என்றால் என் தவறு என்று ஒப்புக்கொள்வேன். எந்தக் காரை ஏற்றினாலும் அதே கதை. குட்டிக் கார், வேன், இன்னும் தயாரிப்புக்கே வராத காரின் களிமண் உருவம், எல்லாவற்றிலும் இடது பின்மூலையில்தான் கோளாறு. எங்கள் இன்சார்ஜ் நல்ல மனுஷன், ஆனால் பயந்தாங்கொள்ளி; மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுகொண்டு பேசுவார். "உன் கம்ப்யூட்டரைப் பாரும்மா முதல்ல" என்றார். பார்த்தேன். என் பக்கம் சுத்தம்.

கடைசியில் காரே இல்லாமல் வெறும் மேடையில் காற்றை ஓட்டி, அளவுக்கருவியின் முனையை இடம் இடமாக நகர்த்தி அளந்தோம். எல்லா இடத்திலும் காற்று சீராகப் போயிற்று. அந்த மூலையில் மட்டும் சுணங்கியது. விசிறியை நிறுத்திவிட்டு நானே போய் அங்கே நின்று கையை வீசிப் பார்த்தேன். ஏணி இல்லை, கம்பி இல்லை, ஒன்றும் இல்லை. உச்சந்தலையிலிருந்து முதுகு வரை சில்லிட்டது. ஏசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே வெளியே வந்தேன்.

பிறகு தலைகீழாக யோசித்தேன். அங்கே என்ன நின்றால் காற்று இப்படிச் சுணங்கும்? கம்ப்யூட்டரில் ஒரு தூணை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. பெட்டி வைத்தேன், பொருந்தவில்லை. எரிச்சலின் உச்சத்தில், ஓட்டுநர் சீட்டில் உட்காரவைக்கிற மனித உருவம் ஒன்று கைவசம் இருந்ததே, அதை எழுப்பி அந்த மூலையில் நிற்கவைத்து ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து திரையைப் பார்த்தால், டனலின் கோடும் என் கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. மேல்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் விலகல். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ எனக்குத் தைரியம் வரவில்லை.

நூலக்கா டீயோடு வந்தாள். திரையில் காருக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் நின்ற உருவத்தைப் பார்த்தாள்.

"யாரு இது?"

"சும்மா ஒரு உருவம்க்கா. ஆளில்ல."

டீயை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "அந்த இடது தோளைக் கொஞ்சம் இறக்கு."

"எதுக்கு?"

"இறக்கேன்."

இறக்கினேன். "இன்னும் கொஞ்சம். ம்... போதும்." ரேகையில்லாத விரலைத் திரையில் அந்தத் தோள் மேல் வைத்தாள். நான் மறுபடி ஓடவிட்டேன். சாயங்காலம் விடை வந்தபோது மேல்பக்க விலகலையும் காணோம். நூலக்காவும் வந்து பார்த்தாள். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் அங்கதான் இருக்கார்."

"அக்கா, காதுல பூ சுத்தாதீங்க. அண்ணன் வீட்டுல படுத்திருக்கார்."

"படுத்திருக்கறது யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள். "நான் தினமும் பக்கத்துல படுக்கறேன். எனக்கே தெரியல."

நான் இன்சார்ஜிடம் போய், தலையும் வாலும் புரியாதபடி எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "இப்ப ரெண்டு எண்ணும் ஒத்துப்போகுதா?"

"போகுது சார்."

"அப்ப அந்த ஆளைக் கழிச்சிட்டு ரிப்போர்ட் எழுது. ஆளு கீளுன்னு எழுதாத. திருத்தம்னு எழுது."

இதுதான் படித்தவர்கள் நடத்துகிற நிறுவனம். அப்படியே செய்தோம். ஒவ்வொரு காரிலிருந்தும் தராசண்ணனைக் கழித்தோம். எண்கள் கச்சிதமாக வருகின்றன என்று ஒரு கார் கம்பெனியிலிருந்து பாராட்டு மெயில்கூட வந்தது.

அந்த வாரம் நூலக்காவின் வீட்டுக்குப் போனேன். கூடத்துக் கட்டிலில் அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சுவரெல்லாம் மருந்து வாசனை. அக்காவின் தங்கை அவர் வாயைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "மாமாவுக்குப் பகல்லதான் பாடு. திடீர்னு கண்ணை இடுக்கிக்கறார். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கறார். பல்லைக் கடிக்கறார். ஞாயித்துக்கிழமை மட்டும் குழந்தை மாதிரி தூங்கறார். எனக்கு ஒண்ணும் புரியல, வயித்துவலின்னு நெனச்சு மருந்து குடுத்துக்கிட்டிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை டனலுக்கு விடுமுறை. நானும் நூலக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விசிறி ஓட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால், நின்றதும் ஒரு மிஸ்டு கால் என்று அக்காவிடம் பேசிவைத்திருந்தேன். ஜன்னல்களை மூடினேன். தலைக்கு மேலிருந்த ஃபேனையும் நிறுத்தினேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் இமைகள் மெல்ல நெருங்கின, புழுதியில் நடக்கிறவர்களுக்கு நெருங்குவது போல. இடது கை கம்பியைத் தேடிப் பிடித்தது. அப்போதுதான் என் போன் ஒரு தடவை அடித்து நின்றது.

கண்ணில் நீர் கட்டியது. ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் கண்ணீர் மூக்கைத் தாண்டித் தலையணைக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை. மேல்கண்ணிலிருந்து நெற்றிப்பொட்டுப் பக்கமாக ஏறிக் காதை நோக்கி ஓடியது. ஜன்னல் திரை ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் நெற்றியில் கை வைத்தேன். அப்படி ஒரு குளிர். அடுத்த மிஸ்டு கால் வந்தபோது அவர் கை கம்பியை விட்டது. நான் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இதற்கு மேல் சும்மா இருப்பவள் இல்லை நூலக்கா. புகைச் சோதனை வேண்டும் என்று இன்சார்ஜிடம் கேட்டாள். டனலில் காற்று ஓடும்போது ஆள் உள்ளே நிற்க அனுமதி உள்ள ஒரே வேலை அது. மெதுவான காற்றில், ஒரு நீளக் குழாய் வழியாகப் புகையை விட்டு, அது காரைச் சுற்றி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஒரே ஒரு ஆள்தான் உள்ளே நிற்கலாம், கையில் விசிறியை நிறுத்தும் பொத்தான் இருக்கும். காரின் கூரையைப் பார்க்க வேண்டும் என்று ஏதோ சாக்குச் சொன்னாள். இன்சார்ஜ் தலையாட்டினார்.

நானும் அவரும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம். அவள் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, குழாயோடு காரைச் சுற்றி நடந்தாள். வெள்ளைக் கோடாகப் புகை கூரை மேல் வழுக்கிப் போயிற்று. கூரையை அவள் பார்க்கவே இல்லை. நேரே இடது பின்மூலைக்குப் போய்க் குழாயை மார்பு உயரத்துக்குப் பிடித்தாள். புகை கொஞ்ச தூரம் போய் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடத்தை விட்டுவிட்டு மறுபடி சேர்ந்துகொண்டது. குழாயை மேலே உயர்த்தினாள். ஒரு தோள் தெரிந்தது. இன்னொரு தோள் அதைவிடத் தாழ்வாகத் தெரிந்தது. பிறகு தலை.

என் பக்கத்தில் இன்சார்ஜின் மூச்சு நின்றுபோனது எனக்கே கேட்டது.

அவள் ஏதோ பேசினாள். பேசிவிட்டு நின்றாள். மறுபடி பேசினாள். தலையைச் சுற்றியிருந்த புகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசைந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். காற்று அடங்கியது, புகை குலைந்தது, அவள் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தவளின் கன்னமெல்லாம் ஈரம். "வீட்டுக்குப் போலாம் வாங்கன்னேன். தலையை ஆட்டறார் பாப்பா. வரமாட்டேங்கறார்."

"ஏன் வரமாட்டேங்கறார்?" என்று நான் கேட்டேன். என் படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, அதைத்தான் கேட்டேன்.

பதில் இன்சார்ஜிடமிருந்து வந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "அவரு பூட்டு... நான்தாம்மா வெட்டினேன்."

எங்கள் இடத்தில் உயிரோடு சம்பந்தப்பட்ட விதி ஒன்று உண்டு. புகைச் சோதனை தவிர மற்ற நேரமெல்லாம், டனலுக்குள் போகிற ஒவ்வொருவரும் விசிறியின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் விசிறி ஓடாது. வெளியே வந்து தன் பூட்டைத் தன் கையால், தன் சாவியால் திறக்க வேண்டும். அடுத்தவர் பூட்டை முதலாளியே ஆனாலும் தொடக் கூடாது. பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அன்று தராசண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் பூட்டு சுவிட்சிலேயே தொங்கியது. மறுநாள் ஒரு சோதனை இருந்தது, மேலிடத்திலிருந்து போன் வந்தது, இன்சார்ஜ் எழுந்து நின்று பேசினார். பிறகு கட்டரை எடுத்துப் பூட்டை வெட்டினார். நூலக்கா அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அவரை அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். "பூட்டை எடுக்காம வெளிய வர்ற மனுஷனா அவரு? உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று மட்டும் கேட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "என்ன செய்யணும்னு சொல்லும்மா. செய்யறேன்" என்றார்.

வெட்டிய பூட்டு அவர் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. எறிய மனசு வரவில்லையாம். பட்டறைக்காரர் அதன் வளைவைப் பற்றவைத்து, அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். சாவி ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த கவருக்குள், பெல்ட்டோடும் கைக்கடிகாரத்தோடும் இருந்தது. மதியம் எல்லோரையும் டீக்கு அனுப்பிவிட்டு, இன்சார்ஜே பூட்டைச் சுவிட்சில் மாட்டி அழுத்திப் பூட்டினார். சக்கர நாற்காலியில் தராசண்ணனை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தன் வேலையிடத்துக்குள் வருகிற உணர்வு அவர் முகத்தில் துளியும் இல்லை. டனலின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே, காலையில் அவள் நூல் ஒட்டிய கார் அசையாமல் நின்றது.

நூலக்கா சாவியை அவருடைய இடது கையில் வைத்து விரல்களை மூடினாள். நாற்காலியைச் சுவிட்சுக்கு நெருக்கமாக நகர்த்தினாள்.

"என்னங்க. உங்க பூட்டு. நீங்கதான் எடுக்கணும்."

கை அப்படியே கிடந்தது. அவள் முழங்கையைத் தாங்கிப் பூட்டுவரை உயர்த்தினாள். சாவி துவாரத்தைத் தொட்டுத் தொட்டு விலகியது. ஒரு வழியாக நுழைந்தது. அதோடு நின்றது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே ஆட்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் திருப்பிவிடட்டுமாக்கா?" என்று கையை நீட்டினேன்.

"தொடாத!" என்று சீறினாள். அவளிடம் நான் அப்படித் திட்டு வாங்கியதே இல்லை.

பெருவிரல் நகர்ந்தது. முதலில் நடுக்கம் என்று நினைத்தேன். நடுக்கமில்லை. சாவி திரும்பியது. பூட்டு வாயைத் திறந்து அவர் மடியில் விழுந்தது.

விசிறி நின்று கிடந்தது. கதவுக்கு வெளியே இலை அசையவில்லை. உள்ளே காரின் இடது பக்கத்து நூல்கள் அசைந்தன. எல்லாம் சேர்ந்து அல்ல. பின்சக்கரத்துக்கு மேலே இருந்தவை முதலில், அப்புறம் பின்கதவு, அப்புறம் முன்கதவு. யாரோ காரை உரசிக்கொண்டு நடந்து வரும்போது அசைகிற மாதிரி, வரிசையாக அசைந்து வரிசையாக அடங்கின. இன்சார்ஜ் வாசலை விட்டு விலகி வழிவிட்டார். யோசித்துச் செய்ததில்லை, கால்கள் தாமாக விலகின. சில்லென்று ஒன்று என் முழங்கையை ஒட்டிப் போயிற்று.

நாற்காலியில் இருந்தவர் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறவர்கள் இழுப்பது போல ஒரு மூச்சு இழுத்தார். கழுத்து நிமிர்ந்தது. கண்கள் பூட்டைப் பார்த்தன, தன் கையைப் பார்த்தன, பிறகு அவளைப் பார்த்தன. வாய் கோணிக்கொண்டு, குழறிக்கொண்டு, ஒரு சொல் வந்தது.

"நீயா."

நூலக்கா அவர் மடியில் தலையை வைத்துக் கத்தி அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். அவர் இடது கை அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது. இன்சார்ஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடுத்த நாள் ஓட்டிய சோதனையில் இரண்டு எண்களும் தாமாகவே ஒத்துப்போயின. 'திருத்தம்' என்ற வரியை நான் அழித்துவிட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

பேச்சு அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெயில் கொளுத்தியது, அவர் மேல் இரண்டு கம்பளி. என்னை அடையாளம் தெரிந்தது. தராசு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நூலக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கேட்டது கிடைத்துவிட்டது அவளுக்கு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அங்க இருந்ததெல்லாம் ஞாபகம் இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "காத்து" என்றார் பிறகு. "நிக்கவே விடாது."

"கூப்பிட்டிருக்கலாமே அண்ணே."

"கூப்பிட்டேனே." அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். கோபமில்லை. மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்துகிற தோரணைதான். "தினம் கேப்பாளே. உள்ள யாராவது இருக்கீங்களான்னு. இருக்கேன் இருக்கேன்னு சொல்வேன். சாத்திடுவா."

கதவைச் சாத்தும் முன் கடைசி ஆள் உள்ளே பார்த்து அப்படிக் கேட்பது எங்கள் வழக்கம். எல்லா நாளும், எல்லா ஓட்டத்துக்கும் கேட்டவள் அவள்தான்.

நகவெட்டி அவள் கையில் அப்படியே நின்றது. "எனக்குக் கேக்கலைங்க" என்றாள்.

"தெரியும். மெஷின் சத்தம்" என்றார் அவர். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்புமேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"மெஷின் சத்தமெல்லாம் இல்ல, பாப்பா. சாத்தற நேரத்துல விசிறி ஓடாது. அவ்வளவு அமைதியா இருக்கும். அவரு எனக்காகச் சொல்றாரு."

"அக்கா, அது எப்படிக் காதுல விழும்? யாருக்கும் விழாது."

"நின்னு கேட்டிருந்தாதானே? கேக்கும்போதே என் கை கதவைத் தள்ளிக்கிட்டிருக்கும். யாராவது இருக்கீங்களான்னு முடிக்கறதுக்குள்ள சாத்திடுவேன். பதில் வரும்னு நெனச்சா கேட்டேன்? கேக்கணுமேன்னு கேட்டேன்."

சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூடத்திலிருந்து குழறிய குரல் வந்தது. "யாரு அழறது அங்க?"

அவள் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "யாருமில்லைங்க."

"இருக்காங்க" என்றார் அவர். "எனக்குக் கேக்குது."